ஒரு காகிதம், பல பெயர்

நூலகத்தில் ஒரு புத்தகம் ஓர் அலமாரியில்தான் இருக்க முடியும். சித்த மருத்துவ வரலாற்றை மருத்துவத்தில் அடுக்குவதா, வரலாற்றில் அடுக்குவதா? ஒரு நூலின் பல முகங்களையும் ஒரே குறியீட்டில் காட்டத்தான் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். எவ்வளவு பெரிய யோசனை! இன்று அதே வேலையை ஃபைல் பெயரிலேயே நாம் செய்துகொள்ளலாம்.

போன மாதம் அம்மாவின் பழைய ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டர் கேட்டார். போனில் வெறும் எண்களாகப் பெயர் கொண்ட நூற்றுக்கணக்கான படங்கள். தள்ளித் தள்ளி விரல் வலித்ததுதான் மிச்சம். அன்று இரவே உட்கார்ந்து பெயர்களை மாற்றினேன்: '2023-08-14 அம்மா ரத்தப் பரிசோதனை சர்க்கரை'. இப்போது 'அம்மா' என்று தேடினாலும் வருகிறது, 'சர்க்கரை' என்று தேடினாலும் வருகிறது.

ஆண்டை முதலில் போடுங்கள். மாதமும் நாளும் இரண்டிரண்டு இலக்கம். நாள் எண்ணை முன்னால் வைத்தால், பெயர் வரிசையில் 01-12-2019 போய் 02-01-2015-க்கு மேலே நின்றுகொள்ளும்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் இருந்தால் கவனம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்; தமிழில் தேடினால் சிக்காது. தமிழ் எழுத்துகளைத் தமிழ் எழுத்துகளாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதும் ஊர்ப் பெயர், ஆள் பெயர்களில் கொம்பும் காலும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.