மலைக்கு பிக்கப் வாங்குகிறீர்களா? இறக்கத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

கோத்தகிரிப் பக்கத்து உறவுக்காரத் தம்பி ஒருவர் போன மாதம் அழைத்தார். பச்சைத் தேயிலை எடுக்க பிக்கப் வாங்கப் போகிறாராம். முதல் கேள்வியே "அண்ணா, எந்த வண்டிக்கு இழுவை அதிகம்?" என்பதுதான். சமவெளியில் இருப்பவர் கேட்டால் அது சரியான கேள்வி. நம் ஊரில் அதை இரண்டாவதாகத்தான் கேட்க வேண்டும். நீலகிரியில் விளையும் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீட்ரூட் எல்லாம் முழு லோடோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகின்றன. வண்டி திரும்பி ஏறும்போது பெரும்பாலும் காலி, அல்லது சில மூட்டை உரம். ஏற முடியாத வண்டி வழியில் நின்றுபோகும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்க முடியாத வண்டி என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதன்முறையாக வண்டி எடுப்பவர்களுக்காக, நான் அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எதை ஏற்றப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்: என்ன சரக்கு, எத்தனை மூட்டை, எங்கிருந்து எங்கே, ஏற்றமா இறக்கமா. மூட்டைக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரு முறையாவது வாடகை வண்டியை எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். கழுவி எடுத்த கேரட் மூட்டை தண்ணீரையும் சேர்த்துத்தான் வண்டியில் ஏறுகிறது. கண்ணுக்கு அது தெரியாது.

சரக்கில் இரண்டு சாதி உண்டு. உருளை, கேரட், சிமென்ட், உரம் ஆகியவை சிறிய இடத்தில் பெரிய எடை. பாடி பாதி நிறைவதற்குள் வண்டியின் எடை வரம்பு முடிந்துவிடும். பச்சைத் தேயிலையும் முட்டைக்கோஸும் நேர்மாறு: இடத்தை அடைக்கும், எடை குறைவு. கொழுந்தை அமுக்கித் திணிக்கவும் கூடாது. நசுங்கிச் சூடேறினால் ஃபேக்டரியில் விலை குறைப்பார்கள். கொழுந்து எடுப்பவருக்கு உயரமான கூண்டு முக்கியம், டன் கணக்கு அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் தேவைக்கு மேல் பெரிய வண்டி எடுத்துத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்களை நான் அறிவேன்.

படி 2: ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள்

விளம்பரத்தில் "ஒன்றரை டன்" என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், வண்டியின் காலி எடையும், லோடோடு சேர்ந்த மொத்த எடை வரம்பும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. அந்த வித்தியாசத்துக்குள் ஆட்களும் அடக்கம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மொத்த வரம்பு 2,990 கிலோ, காலி எடை 1,750 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 1,240. ஓட்டுநர், கூட வருபவர், ஜாக்கி, கயிறு, தார்ப்பாய் எல்லாம் சேர்த்து 150 கிலோ. வாங்கிய பின் நீங்கள் வெல்டிங் பட்டறையில் வைத்த இரும்புக் கூண்டு 120 கிலோ. மிச்சம் 970. மூட்டைக்கு 45 கிலோ என்றால் 21 உருளை மூட்டை. இருபத்திரண்டாவது மூட்டை கூடுதல் சுமை. ஒன்றேகால் டன் என்று சொல்லி விற்ற வண்டியில் ஒரு டன்கூட முழுதாக ஏறவில்லை பாருங்கள்.

பல பிக்கப்களின் மொத்த எடை 3,000 கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்பது தற்செயல் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு, 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்கிறது. அதற்கு மேல் போனால் பெர்மிட் செலவையும் கணக்கில் சேருங்கள். கூடுதல் சுமைக்கு 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது.

உரிமம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்று முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பின் ஆண்டுதோறும்.

படி 3: பிரேக்

இந்தப் படிக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன்.

குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கமும் இருக்கின்றன. 3 டன் வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால் சுமார் 130 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கல்யாண வீட்டு அண்டா அளவு. அந்தச் சூட்டை எஞ்சின் பகிர்ந்துகொள்ளாவிட்டால் அவ்வளவும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில்தான் இறங்க வேண்டும்.

என் கதையையே சொல்கிறேன். தொழில் தொடங்கிய முதல் ஆண்டு, கேத்தியிலிருந்து கேரட் லோடு. வரம்புக்கு மேல் பத்து மூட்டை. மண்டிக்கு முந்திப் போய்ச் சேரும் அவசரம். குன்னூர் தாண்டியதும் மூன்றாம் கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். பர்லியாறு நெருங்கும்போது தீய்ந்த வாடை. முன்னால் போகும் லாரியின் வாடை என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பெடல் பஞ்சு போல உள்ளே போனது. பக்கத்தில் இருந்த பெரியப்பா கத்திய பிறகுதான் இரண்டாம் கியருக்கு இழுத்து, மலைப்பக்கத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். அச்சு வளைந்தது. பெரியப்பா அன்று முதல் பஸ்ஸில்தான் கீழே போகிறார். வண்டியின் மீது எந்தக் குறையும் இல்லை. குறை முழுக்க என்னுடையது.

அதிலிருந்து கற்றதை வண்டி தேர்வுக்குக் கொண்டுவருவோம். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும்; கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு. நம் ஊர்ப் பனியிலும் மழையிலும் இது சும்மா விடாது, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றிவிடுங்கள். பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால் எண்ணெய் கறுத்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். முன்சக்கரத்தில் டிஸ்க் இருப்பது நல்லது, அது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். பின்பக்கச் சுமைக்கு ஏற்ப பிரேக் அழுத்தத்தைப் பிரித்துத் தரும் வால்வு சில வண்டிகளின் பின் அச்சருகே இருக்கும். பழைய வண்டிகளில் அதைக் கழற்றிக் கம்பியால் கட்டி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது எஞ்சின் பிடிப்பு. சோதனை ஓட்டத்தில் இறக்கத்தில் இரண்டாம் கியரில் காலை எடுத்துவிட்டுப் பாருங்கள். வண்டி தானாக அடங்கி இறங்க வேண்டும். வேகம் ஏறிக்கொண்டே போனால் அந்த கியர் விகிதம் நம் மலைக்கு ஆகாது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதற்கு மேல் எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்பவரோடு பயணம் செய்யாதீர்கள். மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் இந்தப் பாடத்தைப் பல வண்டிகள் தாமதமாகக் கற்றிருக்கின்றன.

படி 4: எஞ்சின்

இப்போது தம்பியின் கேள்விக்கு வரலாம். குதிரைத்திறன் எண்ணை விட, எஞ்சினின் குறைந்த சுழற்சியில் எவ்வளவு முறுக்குவிசை (டார்க்) கிடைக்கிறது என்பதைப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் வேகம் விழுந்த பிறகு வண்டியை மேலே தள்ளுவது அதுதான். மலை ரயிலே கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் ஏறத்தாழ 12-க்கு 1 சரிவில் பல்சக்கரம் பிடித்துத்தான் ஏறுகிறது. அதே சரிவில் 3 டன் வண்டியை நகர்த்தவே கால் டன் எடையைத் தூக்கும் அளவு விசை வேண்டும்.

உயரம் வேறு உங்கள் எஞ்சினின் மூச்சைப் பிடிக்கும். ஊட்டி இருப்பது 2,240 மீட்டரில். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ உள்ள டீசல் எஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே அனுப்புவதால் இந்தக் குறையைப் பெருமளவு சரிக்கட்டும். டர்போ இல்லாத சிறிய எஞ்சின் கோவையில் காட்டிய சுறுசுறுப்பை ஊட்டிப் பக்கத்து லவ்டேலில் காட்டாது. அதனால் ஷோரூம் கோவையில் இருந்தாலும் சோதனை ஓட்டத்தை மலையில் கேளுங்கள். அரை டன்னாவது ஏற்றி, ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கில் பிடித்து மறுபடி கிளப்பிப் பாருங்கள். கிளட்ச் வாடை வந்தால் முதல் கியர் போதவில்லை என்று பொருள்.

படி 5: நீளம், டயர், நான்கு சக்கர இழுவை

நீளமான பாடியைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். ஒரே வீச்சில் திருப்ப முடியாமல் கொண்டை ஊசியில் பின்னால் எடுத்து முன்னால் விடும்போதுதான் அந்த ஆசை தணியும். உங்கள் ஊருக்குள் போகும் மிகக் குறுகிய வளைவில் வண்டியைத் திருப்பிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நீள பாடிக்கு இன்னொரு குணமும் உண்டு: காலி இடம் கண்ணில் பட்டால் ஏற்றுபவர்கள் அதை நிரப்பாமல் விடமாட்டார்கள்.

டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து ஓர் எண் இருக்கும். அது அந்த டயர் தாங்கும் சுமைக்கான குறியீடு: 100 என்றால் 800 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ. பின் அச்சில் 2,000 கிலோ விழும் என்றால் ஒற்றை டயர் வண்டிக்கு 108-க்குக் குறையக் கூடாது. விலை மலிவு என்று கார் டயர் மாட்டிய பிக்கப்பை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபோர் வீல் தார்ச்சாலைக்குத் தேவையில்லை. எஸ்டேட் மண் பாதையில் மழைக்காலத்தில் கொழுந்து எடுப்பவர் மட்டும் யோசிக்கலாம்.

படி 6: பின்னால் டிரெய்லர் இழுக்க வேண்டுமா?

இணையத்தில் அமெரிக்க பிக்கப்கள் வீட்டையே இழுத்துப் போவதைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வி வருகிறது. ஃபோர்டு சூப்பர் டியூட்டி, ராம் ஹெவி டியூட்டி போன்ற அந்த வண்டிகளில் 6.7 லிட்டர் டீசல் எஞ்சின். நம் பிக்கப்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டரை லிட்டர் அல்லது அதற்குக் கீழ். அந்த அமெரிக்க வண்டிகளின் நீளம் பெரும்பாலும் ஆறு மீட்டரைத் தாண்டும் என்பதையும், அவை ஓடும் சாலை எது என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

டிரெய்லரும் சட்டப்படி ஒரு வண்டி, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கலாமா, எவ்வளவு என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். அதில் எண் இல்லையென்றால் இழுக்கக் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தால், டிரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் அழுத்தும்படி சரக்கை முன்தள்ளி அடுக்க வேண்டும். பின்பாரம் அதிகமானால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், இறக்கத்தில் அந்த ஆட்டம் வண்டியையே திருப்பிப் போட்டுவிடும். கொக்கி மேல் விழும் எடை உங்கள் 970 கிலோவிலிருந்துதான் கழியும். தனக்கென்று பிரேக் இல்லாத டிரெய்லர் வளைவு தோறும் உங்கள் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். என் கருத்து: சமவெளியில் தாராளமாக இழுங்கள், குன்னூர் பாதையில் இரண்டு நடை போய் வாருங்கள்.

படி 7: வண்டிகளின் பெயர்கள்

மஹிந்திரா பொலேரோ பிக்கப்பில் இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின், 1.3 முதல் 1.7 டன் வரை வகைகள். மலையில் இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். எந்தப் பட்டறையிலும் பழுது பார்ப்பார்கள் என்பதே அதற்கு முக்கியக் காரணம். 2022-இல் வந்த டாடா யோதா 2.0 இரண்டு டன் தாங்கும் என்கிறது. கனமான காய்கறிக்குச் சரி. பெர்மிட் கணக்கை மறக்க வேண்டாம். இசுசு டி-மேக்ஸ் ஓட்டுவதற்கு இதமானது, ஆனால் சர்வீஸ் எவ்வளவு தூரத்தில் என்று முதலில் விசாரியுங்கள். அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர். மேலேயே சுற்றும் நடுத்தர லோடுக்குப் போதும். 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் வாயில் குட்டியானை, ஊருக்குள் ஓடட்டும். அதில் முக்கால் டன்னோடு தினமும் மலை இறங்குவதை நான் சொல்ல மாட்டேன்.

பழைய வண்டி என்றால் அடியில் படுத்துப் பாருங்கள். சேஸிஸில் வெல்டிங் தழும்பு, பின்னால் கூடுதலாகச் செருகிய ஸ்பிரிங் பட்டை இரண்டும் அந்த வண்டி என்ன பாடுபட்டிருக்கிறது என்று சொல்லிவிடும். பட்டை சேர்த்தால் வண்டி தாழாமல் நிற்கும். பிரேக்கும் அச்சும் பழையவைதானே?

தம்பி எடை மேடைச் சீட்டோடு மறுபடி அழைத்தார். கூண்டு முட்ட ஏற்றிய கொழுந்து 640 கிலோதான். 1.7 டன் வண்டிக்கு முன்பணம் கொடுக்க இருந்தவர், இப்போது 1.3 டன்னில் உயரமான கூண்டுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். கூண்டின் எடை எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.