உங்கள் முதல் ஆர்பிஜி புத்தகத்துக்குப் படம் வரைவது எப்படி?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டில் (சுருக்கமாக ஆர்பிஜி) நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திச் செல்வார்கள். கேம் மாஸ்டர் உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக முடிவெடுப்பார்கள். திரை கிடையாது, நடிப்பு மேடை கிடையாது. பெரும்பாலும் கண்ணுக்குக் கிடைப்பவை விதிப்புத்தகத்தில் இருக்கும் படங்கள்தான். அதனாலேயே இந்தப் புத்தகங்களில் ஓவியருக்குப் பொறுப்பு அதிகம்.

இந்த வகை விளையாட்டுக்கு வழிகாட்டியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் மூன்று சிறு புத்தகங்களாக வந்தபோது, உள்ளே இருந்தவை எளிய, கரடுமுரடான கோட்டோவியங்களே. அவற்றை வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை விளையாடியது. இன்றைய தனி வெளியீட்டாளர்களும் பெரும்பாலும் அந்த அளவுக்கே திரும்பியிருக்கிறார்கள்: கூட்டு நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் சிறு புத்தகங்களுக்காக 2019-இல் தொடங்கிய ஜைன் குவெஸ்ட் முயற்சிக்குப் பிறகு, ஏ5 அளவில் மடித்துப் பின் அடித்த சிறு விளையாட்டுப் புத்தகங்கள் பெருகிவிட்டன. இப்போது தொடங்குகிறவருக்கு அதுவே சரியான களம். எனவே, 24 பக்கம் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளை ஏ5 புத்தகத்தை மனத்தில் வைத்து இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

முதல் படி: பிரதியைப் படித்துப் பட்டியல் போடுங்கள்

விதிகளைப் பென்சிலோடு படியுங்கள். “அது எப்படி இருக்கும்?” என்று ஆட்டக்காரர் கேட்கப்போகும் இடங்களிலெல்லாம் ஓரத்தில் ஒரு குறி வையுங்கள். விசித்திரமான உயிரினம், புரியாத கருவி, இரண்டு வழி பிரியும் அறை போன்றவை அந்த இடங்கள். பிறகு எழுத்தாளரோடு உட்கார்ந்து பட்டியலை முடிவு செய்யுங்கள். அட்டைப்படம் ஒன்று, முழுப்பக்கம் மூன்று, அரைப்பக்கம் நான்கு, உள்ளங்கை அளவுச் சிறு படங்கள் பத்து என்றால் 24 பக்கத்துக்குத் தாராளம்.

சிறு படங்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு சாவி, உடைந்த விளக்கு, தோல்பை. இவற்றில் கோடு பழகும். தவறினால் அரை மணி நேரந்தான் போகும். ஆட்டத்திலும் இவை அதிகம் பயன்படும். “உனக்குக் கிடைத்தது இதுதான்” என்று கேம் மாஸ்டர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டும்போது, அந்தச் சாவியின் பல்லில் நீங்கள் வரைந்த ஒரு வெட்டைப் பார்த்தே ஒருவர் அடுத்த முடிவை எடுப்பார்.

இரண்டாம் படி: அளவைத் தீர்மானியுங்கள்

ஏ5 பக்கம் 148×210 மி.மீ. ஓரம் வரை போகும் படமென்றால், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வேண்டும், ஆக 154×216 மி.மீ. முகம், கை, எழுத்து போன்ற முக்கியமானவற்றை ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே வையுங்கள். நடுமடிப்புப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கட்டும்.

அச்சாகும் அளவிலேயே வரைய வேண்டாம். ஏ3 தாளில் ஏ4 அளவுக்கு ஒரு சட்டம் கட்டி, அதைச் சுற்றி 5 மி.மீ. கூடுதல் இடம் விட்டு வரையுங்கள். ஏ4-ஐ ஏ5 ஆக்க ஏறத்தாழ 71 சதவீதமாகச் சுருக்கினால் போதும். கையின் சிறு நடுக்கங்கள் அந்தச் சுருக்கத்தில் மறைந்துவிடும்.

மூன்றாம் படி: சிறு முன்வரைவுகள்

என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையிலும் முக்கியமானது இந்தப் படிதான். ஒவ்வொரு படத்துக்கும் தீப்பெட்டி அளவில் ஆறு முன்வரைவுகளாவது போடுங்கள். விவரம் எதுவும் வேண்டாம். எங்கே கறுப்பு, எங்கே வெள்ளை என்பது மட்டும் தெரியட்டும்.

எதை வரைவது என்ற கேள்விக்கு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வரிசையில் 1978-இல் வெளிவந்த விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் அட்டையில் நல்ல பதில் இருக்கிறது. டேவிட் டிராம்பியர் வரைந்தது. பிரம்மாண்டமான ஒரு சிலை. அதன் கண்ணிலிருக்கும் இரத்தினத்தை இருவர் நெம்பி எடுக்கிறார்கள். கீழே சண்டை முடிந்துவிட்டது. ஒருவர் வாளைத் துடைக்கிறார், சிலர் வரைபடத்தைப் பார்க்கிறார்கள், பல்லி மனிதர்களின் உடல்கள் கிடக்கின்றன. வீரன் வாளை ஓங்கும் கணம் படத்தில் இல்லை. அந்த இரத்தினம் வெளியே வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி இருக்கிறது. இந்த விளையாட்டில் ஆட்டக்காரர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதை ஒரு பத்தி விளக்கத்தைவிட அந்த அட்டை தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

ஆர்பிஜி ஓவியம் கதைப்புத்தக ஓவியத்திலிருந்து வேறுபடும் இடம் இது. கதையில் நடந்து முடிந்ததை வரைகிறோம். இங்கே நாயகர்கள் யார் என்பதே நமக்குத் தெரியாது. அவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே முடிவெடுப்பதற்கு முந்தைய கணத்தை வரையுங்கள், நாயகனின் இடத்தைக் காலியாக விடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. பிரதியில் “பாழடைந்த நிலத்தடி நீர்த்தொட்டி” என்று ஒரு வரி இருக்கிறது. இருட்டு, தூண்கள், தண்ணீர் என்று வரைந்தால் அழகாக இருக்கும். ஆனால் ஆட்டக்காரர் செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டை வரையுங்கள். மூன்றாம் படியில் எரியும் ஓர் அகல்விளக்கு. அதற்குக் கீழேயுள்ள படிகளில் ஈரமான காலடித் தடங்கள், மேல்நோக்கி மட்டும். தொட்டி எவ்வளவு பெரியது என்பதை அந்த விளக்கின் அளவே சொல்லிவிடும். யார் ஏற்றியது, எங்கே போனார் என்பவற்றை மேசையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நான்காம் படி: பென்சிலும் மையும்

தேர்ந்தெடுத்த முன்வரைவைப் பெரிய தாளில் மெலிதான பென்சில் கோட்டில் போடுங்கள். சாதாரண நகல் தாளில் மை பரவும். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கனமுள்ள வழவழப்பான தாள் வாங்குங்கள். பிரிஸ்டல் போர்டு என்ற கெட்டியான வரைதாள் கிடைத்தால் மிக நல்லது.

பேனாவுக்குச் சகுராவின் பிக்மா மைக்ரான் போன்ற நீரில் கரையாத மைப் பேனாக்கள் மூன்று போதும். அவற்றின் மேலிருக்கும் எண் மில்லிமீட்டர் அல்ல என்பதைக் கவனியுங்கள். 005 எண் 0.20 மி.மீ. கோடு போடும்; 03 எண் 0.35, 08 எண் 0.50. சுருக்கியபின் 03-இன் கோடு ஏறத்தாழ 0.25 மி.மீ. ஆகும், அச்சில் தெளிவாக நிற்கும். 005-ஐத் தொலைவில் இருப்பவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முழுக்கறுப்புப் பகுதிகளைத் தூரிகைப் பேனாவால் நிரப்பிவிடுங்கள். நம் படத்தில் தண்ணீரும் தூண்களின் பின்புறமும் அவை. அடுத்து, அருகில் இருப்பவற்றின் விளிம்பைத் தடித்த கோட்டிலும் தள்ளி இருப்பவற்றை மெல்லிய கோட்டிலும் போடுங்கள். நிழலுக்கான இணைகோடுகள் கடைசியில் வரட்டும். அவை பொருளின் வடிவத்தோடு வளைய வேண்டும். உருண்ட தூணின் மேல் நேர்க்கோடு இழுத்தால் அது தட்டையாகிவிடும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு கோட்டின் தடிமனாவது வெள்ளை இருக்கட்டும், இல்லாவிட்டால் சுருக்கும்போது அடைத்துக்கொள்ளும். கல்லின் சொரசொரப்பைப் பேனாவால் கொண்டுவருவது எப்படி என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள், ஆனந்த விகடனில் வந்த சில்பியின் கோயில் ஓவியங்களைத் தேடிப்பிடித்து ஒரு பகுதியைப் பார்த்து வரைந்து பழகலாம். அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

விளக்கைச் சுற்றி எதையும் வரையாதீர்கள். அங்கே வெறும் தாள்தான் வெளிச்சம். மை நன்றாக உலர்ந்த பிறகே பென்சிலை அழியுங்கள்.

ஐந்தாம் படி: ஸ்கேன்

600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கிரேஸ்கேல் என்ற சாம்பல் நிற முறை. கூடுதல் ஓரம் ஏ4 ஸ்கேனரில் அடங்காது. ஏ3 ஸ்கேனர் உள்ள கடைக்குப் போங்கள், அல்லது இரண்டு பகுதிகளாக எடுத்து இணையுங்கள். பிறகு இலவச மென்பொருளான கிம்ப்பில் திறந்து, லெவல்ஸ் வழியாகத் தாளின் சாம்பலை வெள்ளையாக்குங்கள். அடுத்துத் திரெஷோல்ட் கொடுத்தால் கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும்.

இதற்குக் காரணம் உண்டு. சாம்பல் நிறத்தை அச்சு இயந்திரம் சிறு புள்ளிகளாக உடைத்துத்தான் அச்சிடும். சாம்பல் கலந்த கோட்டின் விளிம்பு அதனால் மங்கிவிடும். சுத்தக் கறுப்புக் கோடு கூர்மையாக விழும். கோப்பை டிஃப் அல்லது பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம், அது கோட்டோரங்களில் அழுக்கு படிந்ததுபோல் ஆக்கிவிடும்.

ஆறாம் படி: பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

படங்களை எழுத்தோடு சேர்த்து, உண்மையான அளவில் ஒரு பிரதி அச்சிட்டு மடித்துப் பாருங்கள். கைநீளத்தில் பிடித்துப் பாருங்கள். மங்கிய விளக்கில் மேசையின் எதிர்ப்புறத்திலிருந்தும் பாருங்கள், ஏனென்றால் புத்தகம் அப்படித்தான் காட்டப்படும். வடிவம் பிடிபடாவிட்டால் கறுப்பைக் கூட்டுங்கள். பக்க வடிவமைப்பாளரோடு இந்தக் கட்டத்திலேயே பேசுங்கள். 2020-இல் வெளிவந்த ஸ்வீடன் நாட்டு விளையாட்டான மோர்க் போர்க்கில் மஞ்சளும் கறுப்பும் ஓவியமும் எழுத்துருவும் ஒரே குரலில் பேசுகின்றன. அதற்கு யோஹான் நோர் என்ற ஒரே ஆளே ஓவியராகவும் வடிவமைப்பாளராகவும் இருந்தது பெரிய காரணம். உங்கள் புத்தகத்தில் அவை இரண்டு பேர் வேலையாக இருந்தால், பேச்சு கூடுதலாகத் தேவை.

ஏழாம் படி: ஒப்பந்தம்

நண்பருக்கு வரைந்தாலும் எழுதிக் கையெழுத்திடுங்கள். தொகை, தவணை, எத்தனை முறை திருத்தம், அச்சுக்கு மட்டுமா பிடிஎஃப்புக்கும் சேர்த்தா, சட்டை, சுவரொட்டி போன்றவற்றுக்கும் உண்டா என்று எல்லாமே இருக்கட்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும் ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். வெளிநாட்டு வாசகர்களுக்கும் விற்கப்போகும் புத்தகத்துக்கு இந்த இரண்டையும் தெளிவாக எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது. மையில் வரைந்த அசல் தாள் உங்களுடையது, அதை நீங்கள் தனியாக விற்கலாம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.