பசை டப்பாவ கொஞ்சம் தள்ளி வைங்க

வீட்ல கெடக்குற வேஸ்ட்ட வச்சு அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட், அதாவது இன்ன உருவம்னு சொல்ல முடியாத கலை, பண்ண உக்காந்ததும் எல்லாரும் பண்ற தப்பு, கைல கெடச்சத உடனே ஒட்ட ஆரம்பிக்கிறதுதான். மூடி, பட்டன், மாத்திரை அட்டை, அறுந்த செருப்பு வார்னு ஒண்ணு விடாம ஒட்டிட்டு தள்ளி நின்னு பாத்தா குப்பைக்கூடைய கவுத்த மாதிரிதான் இருக்கும். நானும் மொதல்ல அப்படித்தான் பண்ணேன், அதுவும் பால் கவர சும்மா தண்ணில அலசிட்டு ஒட்டுனேன், மூணே நாள்ல எறும்பு வரிசை கட்டிடுச்சு, நாத்தம் வேற. சோப்பு போட்டு கழுவி நல்லா காயவிட்டுதான் எடுக்கணும், முட்டை ஓடுன்னா உள்ள இருக்குற சவ்வையும் உரிச்சிடுங்க.

அடுத்து, எல்லாத்துக்கும் ஃபெவிகால். அது தண்ணில கலந்த பசை, காகிதம் மரம் துணின்னு உறிஞ்சுற பொருள்ல நல்லா பிடிக்கும், பிளாஸ்டிக் மூடிலயும் தகரத்துலயும் காஞ்சதும் சொல்லாம கொள்ளாம கழண்டு விழும். அதுக்கு உப்புத்தாள்ல தேச்சு சொரசொரப்பாக்கிட்டு எபாக்ஸி (ரெண்டு பசைய கலந்து போடுற கெட்டிப் பசை) போடுங்க, கனமா இருந்தா ஓட்டை போட்டு கம்பில கட்டிடுங்க. கானால பொறந்து நைஜீரியால வேலை பாத்த சிற்பி எல் அனட்சுய் ஆயிரக்கணக்கான சாராய பாட்டில் மூடிய தட்டி மடிச்சு செம்புக் கம்பிலதான் கோக்குறாரு, அவ்ளோ பெரிய வேலை எல்லாம் துணி மாதிரி மடிப்பு மடிப்பா தொங்குது.

தெர்மாகோல் மேல நேரா ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சா அந்த பெயிண்ட்ல இருக்குற சால்வென்ட் (கரைக்கிற திரவம்) பட்டு குழிகுழியா கரைஞ்சிடும், தண்ணி பெயிண்ட்தான் சரி. அட்டை ஒரு பக்கம் மட்டும் ஈரமானா அப்பளம் மாதிரி வளையும், அதனால பின்பக்கமும் ஒரு கோட்டிங் குடுத்துடுங்க.

கலர்லதான் நெறைய பேர் சொதப்புறாங்க. ஒவ்வொரு பொருளும் அதது கலர்ல இருந்தா கண்ணு எதுலயும் நிக்காது. லூயிஸ் நெவல்சன்னு ஒரு சிற்பி நியூயார்க்ல பழைய மரத்துண்டெல்லாம் பொறுக்கி பெட்டி பெட்டியா அடுக்கி மொத்தத்தையும் கருப்பா அடிச்சிட்டாங்க, 1958ல பண்ண ஒண்ணு சுவர் அளவுக்கு இருக்கு, அதுல நாற்காலிக் கால் எதுன்னு தேட மாட்டீங்க, நிழலும் மேடு பள்ளமும்தான் தெரியும்.

பிராண்டு பேர முழுசா தெரியுற மாதிரி விடுறதும் தப்புதான், எழுத்து இருந்தா நாம படிக்கத்தான் செய்வோம், பாக்க மாட்டோம். ஜெர்மனில கர்ட் ஷ்விட்டர்ஸ்னு ஒரு ஓவியர் 1919ல ஒரு பேங்க் விளம்பரத்துல இருந்த 'கொமெர்ஸ்'ல 'மெர்ஸ்'ங்கற துண்ட மட்டும் கொலாஜ்ல (துண்டு துண்டா ஒட்டிப் பண்ற படம்) விட்டாரு, அர்த்தமில்லாத அந்தத் துண்டே அவரோட மொத்த வேலைக்கும் பேராயிடுச்சு. நீங்களும் எழுத்த பாதில வெட்டுங்க.

யாராவது வந்து "இது என்ன மயிலா"ன்னு கேட்டதும் அதுல ஒரு கண்ண ஒட்டி மயிலாவே ஆக்கிடாதீங்க ப்ளீஸ், அதோட முடிஞ்சது கத. உடைஞ்ச டியூப்லைட், சிஎஃப்எல் பல்ப் பக்கமே போகாதீங்க, உள்ள பாதரசம் இருக்கு.

எல்லாத்தையும் பசை இல்லாம தரைல அடுக்கி, பகல் வெளிச்சத்துல ஒண்ணு ராத்திரி லைட்ல ஒண்ணுன்னு போன்ல போட்டோ எடுங்க, ரெண்டு நாள் கழிச்சு பாத்து உறுத்துறத எடுத்துடுங்க, எனக்கெல்லாம் பாதி வெளிய போயிடும், மிச்சம் நிக்கிறதுக்கு பசைய தொறங்க.