துப்பறியும் எழுத்து விளையாட்டு: நாம் சறுக்கும் இடங்கள்

நாகர்கோவிலில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலம் வெளியே தலைகாட்ட முடியாது. அப்போது அக்கா மகனும் நானும் படமே இல்லாத, வாசித்துத் தட்டச்சு செய்து ஆடும் பழைய துப்பறியும் விளையாட்டுகளைத் திறந்து உட்காருவோம். இந்த மழைக்கு எடுத்தது 1982இல் இன்ஃபோகாம் என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனம் வெளியிட்ட 'டெட்லைன்'. பூட்டிய நூலக அறைக்குள் பணக்காரர் ஒருவர் இறந்துபோனார். அதன் பிறகு ஒரு காலை 8 மணிக்கு விசாரிக்க வரும் ஆய்வாளர் நாம். கையில் இருப்பது 12 மணி நேரம்.

பெரும்பாலும் தவறு முதல் பத்தியிலேயே நடந்துவிடுகிறது. அறை வர்ணனையைக் கதை போல ஓட்டமாக வாசித்துவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுகிறோம். "கூரை வீட்டைப் பிரிச்சா ஓட்டு வீடு, ஓட்டு வீட்டுக்குள்ள வெள்ளை மாளிகை, மாளிகைக்குள்ள குளம்" என்று ஆச்சி போட்ட விடுகதை நினைவிருக்கிறதா? மட்டையை உரிக்காமல் இளநீர் கிடைக்காது. அறையில் மேசை என்று வந்தால் மேசையைப் பாருங்கள். மேசையில் இழுப்பறை என்று வந்தால் அதைத் திறங்கள். உள்ளே காகிதம் இருந்தால் வாசியுங்கள். வர்ணனையில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு 'எக்ஸாமின்' (உற்றுப் பார்) கட்டளை கொடுத்த பிறகே அறையை விட்டு நகர வேண்டும்.

இதைவிட நஷ்டம் தருவது, கடிகாரத்தை மறப்பது. டெட்லைனில் நாம் கொடுக்கும் கட்டளை ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு நிமிடம் கழியும். வீட்டில் உள்ளவர்களும் நமக்காகக் காத்திருப்பதில்லை. அவரவர் பாட்டுக்கு நடமாடுவார்கள், பேசுவார்கள். அந்த நிமிடத்தில் நாம் வேறு அறையில் இருந்தால் அந்தத் துப்பு போயே போச்சு. அதனால் முதல் ஆட்டத்தை ஜெயிக்க ஆடாதீர்கள். ஒரு ஆளின் பின்னாலேயே போய், எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆட்டத்தில் இன்னொருவர். இந்த நேர அட்டவணை கையில் இருந்தால் பாதிப் புதிர் தானாக அவிழும்.

பெட்டியோடு வந்த காகிதங்களை விட்டுவிடுவது இன்னொன்று. விளையாட்டு இருந்த நெகிழ்வட்டில் இடம் போதாததால் விசாரணை வாக்குமூலங்களையும் ஆய்வக அறிக்கையையும் அச்சிட்டே கொடுத்தார்கள். விளையாட்டுக் கோப்பை மட்டும் இறக்கி ஆடுபவர் பாதி வழக்கோடுதான் ஆரம்பிக்கிறார். அப்புறம், விளையாட்டில் நமக்கு உதவியாளராக வரும் சார்ஜென்ட் டஃபியிடம் ஒரு பொருளைச் சோதிக்கக் கொடுக்கும்போது எதற்காகச் சோதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எழுத்துப்பிழைக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். இன்ஃபோகாமின் அந்தக்கால விளையாட்டுகள் சொல்லின் முதல் 6 எழுத்துகளை மட்டுமே பார்க்கும். ஆட்டத்தை மட்டும் ஒரே கோப்பில் திரும்பத் திரும்பச் சேமிக்காதீர்கள். ஆட்டத்தின் கடிகாரத்தில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோப்பு வையுங்கள்.

கடைசியில் கைது. போன வாரம், "மாமா, இவருதான், சந்தேகமே இல்ல" என்று அக்கா மகன் 'அரெஸ்ட்' என்று அடிக்கப் போனான். "மக்களே, ஆள் சரியாவே இருக்கட்டும். பூட்டின அறைக்குள்ள எப்படிப் போனாரு?" என்று கேட்டேன். ஏன் செய்தார், எப்படிச் செய்தார், அதற்கு வாய்ப்பு எப்போது கிடைத்தது என்ற மூன்றுக்கும் சான்று இல்லாமல் கைது செய்தால் வழக்கு நிற்காது. அவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் 11 மணிக் கோப்பைத் திறந்து மறுபடி நூலகத்துக்குப் போனான்.