கருகல் வாடை வந்த வாக்வம் கிளீனர்: என் அனுபவம்

நான்கு நாட்கள் வீணாயின. பாளையங்கோட்டை வீட்டில் கம்பியில்லா வாக்வம் கிளீனரை இயக்கிய இரண்டாவது நிமிடத்தில், ரப்பரும் முடியும் சேர்ந்து கருகியது போன்ற வாடை. பேட்டரியோ என்றுதான் முதலில் பயந்தேன். லித்தியம் அயனி பேட்டரி உப்பியிருந்தால் அதை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. கழற்றிப் பார்த்தேன்: உப்பல் இல்லை, சூடும் இல்லை. ஃபில்டரைக் கழுவி, 24 மணி நேரம் உலர்த்தி மாட்டினேன். வாடை போகவில்லை. பழுதுபார்க்கும் கடையில் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள்.

நான்காம் நாள், தரையில் படும் தலைப்பகுதியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயோடு ஓட்டினேன். பத்து நிமிடம் ஓடியும் வாடையே இல்லை! அப்படியானால் தூசியை உறிஞ்சும் பெரிய மோட்டார் நன்றாக இருக்கிறது. கோளாறு தலைப்பகுதிக்குள் சுழலும் பிரஷ் உருளையில்.

உருளையின் நடுவில் சுற்றிய முடியை ஏற்கெனவே வெட்டி எடுத்திருந்தேன். பலரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். ஓரத்து மூடியை ஒரு ரூபாய் நாணயத்தால் திருகித் திறந்தபோதுதான், உருளையைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கைச் சுற்றி மோதிரம்போல் இறுகிய கட்டு தெரிந்தது: மனைவியின் நீள முடி, அதற்குள் பத்தமடைப் பாயின் பாவு நூலும் கோரை நாரும். பாயின் ஓரம் பிரிந்திருந்தது. அதன் மேலேயே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். உரசிய சூட்டில் மூடியின் உள்விளிம்பு உருகிப் பளபளத்தது.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த முடிக்கட்டை ஒரு பிளேடால் கீறி, ஊசியால் இழை இழையாக இழுத்தேன். விரலால் தட்டினாலே உருளை சுழன்றது. வாடை அன்றோடு நின்றது. இப்போதெல்லாம் பாயைச் சுருட்டி வைத்த பிறகுதான் சுவிட்சைத் தொடுகிறேன்.