வெடெலியாவைப் பிடுங்கி எங்கே போடுவது?

கொழும்பில் மதிலோரம், வீதி நடுத்திட்டு, தொடர்மாடி வாசல் என்று எங்கே பார்த்தாலும் மஞ்சள் பூவோடு தரையை மூடிக் கிடக்கிறதே ஒரு படர்செடி, அதுதான் வெடெலியா. சிங்களத்தில் அருணதேவி. வடிவான செடி, தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாது, அதனால்தான் எல்லோரும் நட்டோம். ஆனால் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்திலிருந்து வந்த இந்தச் செடி பசிபிக் தீவுகள் பலவற்றில் தோட்டத்தைத் தாண்டிப் போய் ஆற்றங்கரைகளையும் சதுப்புகளையும் பிடித்துவிட்டது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) தொகுத்த பட்டியலில் இதுவும் ஒன்று.

இது பரவுவது பெரும்பாலும் விதையால் அல்ல, தண்டால். ஒவ்வொரு கணுவும் ஈரமண்ணைத் தொட்டால் வேர் விடும். அதனால் நடுவதை விட வெட்டி எறிவதுதான் ஆபத்து. வளவைத் துப்பரவாக்கிவிட்டு கொடியைக் கான் ஓரத்திலோ வெறும் காணியிலோ கொட்டினால், மழைவெள்ளம் துண்டுகளைக் கால்வாய்க்கு இழுத்துப் போகும், ஒதுங்கிய இடத்தில் அது முளைக்கும், பாய் விரித்த மாதிரி மூடிக்கொண்டால் பிறகு வேறு கன்றுகளுக்கு அங்கே வெளிச்சமே இல்லை. 2018இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் கொழும்பு, அந்தச் சதுப்புகளுக்கு நம் வீட்டுக் குப்பையே எதிரியாகக் கூடாது.

முதலில் செடியைச் சரியாகப் பாருங்கள். மூலிகையான மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கும் இதே மாதிரிப் பூதான், ஆனால் அதன் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும். வெடெலியா இலையில் பெரும்பாலும் இரு பக்கமும் பல் போலப் பிரிந்து மூன்று மடல் தெரியும். இதைக் கீரையென்று பறித்துச் சமைக்க வேண்டாம்.

மழை பெய்து மண் இளகிய மறுநாள் கையாலேயே பிடுங்குங்கள், கணுவோடு வேரும் வரவேண்டும். புல்வெட்டும் இயந்திரம் வேண்டவே வேண்டாம், அது ஒரு கொடியை நூறு கன்றாக்கிவிடும். பிடுங்கியதைப் பச்சையாகக் கொம்போஸ்டில் போடாமல், சீமெந்துத் தரையிலோ தகரத்திலோ பரப்பி, கையால் நொறுக்கினால் பொடியாகும் வரை வெயிலில் காயவிடுங்கள். மழைநாட்களில் காயாது, அப்போது கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி வெயில் படும் இடத்தில் வைத்தால் உள்ளேயே அழுகிவிடும்.

வெறும் மண்ணை அப்படியே விடாதீர்கள், அது திரும்பி வரும். ஈரமும் அரை நிழலும் இருந்தால் வல்லாரை நடுங்கள், சம்பலுக்கும் ஆச்சு. கடற்கரையோர மணல் வளவென்றால் அடம்பன்கொடி, அது இந்த மண்ணின் செடி. அப்புறம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், முக்கியமாக மதில் அடியிலும் படிக்கட்டு இடுக்கிலும், விரல் நீளத் துண்டு தப்பினால்கூட அங்கேதான் முதலில் துளிர் வரும்.