அட்டைத் தறியில் ஒரு சின்ன நெசவு

நெசவுக் கலைஞர் ஷீலா ஹிக்ஸ் ஒரு சின்னச் சட்டத் தறியைப் போகிற ஊருக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போனவர். 1950களில் தொடங்கி அதில் அவர் நெய்துவரும் துண்டுகளுக்கு ‘மினிம்’ என்று பெயர். பல துண்டுகள் ஒரு நோட்டுத்தாள் அளவுகூட இருக்காது. மண்டபம் நிறைக்கும் அவருடைய பெரிய வேலைகளைவிட எனக்கு இவைதான் பிடிக்கும். பாதியில் திரும்பிய நூல், வேண்டுமென்றே விட்ட பிளவு, ஊடையில், அதாவது குறுக்கே ஓடும் நூலில், நுழைத்த சிப்பி ஓடு: நூல் என்னென்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டே அவர் நெய்தது அப்படியே தெரியும்.

நாமும் அந்த அளவில் தொடங்கலாம். தறி வாங்க வேண்டாம், அட்டை போதும். ஒன்றே ஒன்று: பூ, பறவை என்று படம் வரைந்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். நூல் பெயின்ட் இல்லை. அது கட்டம் கட்டமாகத்தான் நகரும்.

முதலில் தறி. பார்சல் பெட்டி அட்டையில் 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு. அட்டைக்குள் ஓடும் வரிகள் மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். குறுக்கே இருந்தால் நூலை இழுத்துக் கட்டியதும் மடங்கிவிடும். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும், இரண்டு ஓரமும் ஒன்றரை செ.மீ. விட்டு, அரை செ.மீ.க்கு ஒன்றாகச் சின்ன வெட்டுகள் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு 25 வரும்.

அடுத்தது பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல். இழுத்தால் நீளாத பருத்தி நூல்தான் இதற்குச் சரி. நுனியைப் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டி, மேலே முதல் வெட்டு வழியாக முன்னால் கொண்டுவந்து, நேரே கீழே முதல் வெட்டுக்கு இறக்குங்கள். அங்கே இரண்டு வெட்டுக்கு நடுவே நிற்கும் அட்டைப் பல்லின் பின்னால் சுற்றி இரண்டாவது வெட்டில் ஏற்றி, மேலே போய் அதேபோல் சுற்றி மூன்றாவதில் இறக்க வேண்டும். முடிவில் 25 இழையும் முன்பக்கம் மட்டுமே இருக்கும். விரலால் சுண்டினால் அதிர வேண்டும். ஆனால் அட்டை வில்லாக வளையக் கூடாது.

கீழே 4 செ.மீ. அகல அட்டைப் பட்டை ஒன்றை, ஒரு இழை மேல் ஒரு இழை கீழ் என்று நுழைத்து விளிம்போடு தள்ளிவிடுங்கள். நெசவு அதன்மேல் உட்காரும். கடைசியில் முடிச்சுப் போட நூலும் மிஞ்சும்.

இனி ஊடை. கொஞ்சம் தடித்த உல்லன் நூலைக் கை நீளம் வெட்டி, கோணி ஊசியில் கோத்து, மேல் கீழாக நுழையுங்கள். திரும்பி வரும்போது கீழே போன இடத்தில் மேலே, மேலே போன இடத்தில் கீழே. அவ்வளவுதான் நெசவு.

ஆனால் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். என் முதல் துண்டு நடுவில் இடுப்பு சிறுத்து, அசல் உடுக்கையாக வந்தது. கரை நேராக இருக்கட்டும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நூலை இறுக்கினேன், அதுதான் தப்பு. ஊடை பாவின் மேலும் கீழும் வளைந்து போவதால், அகலத்தைவிடக் கூடுதல் நூல் அதற்கு வேண்டும். அதனால் நூலை நேராகப் படுக்க விடாமல், நடுவில் இரண்டு செ.மீ. உயரும்படி பிறைபோல விட்டு, அப்புறம் முள்கரண்டியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்து இறக்குங்கள். நூல் புடைத்து நின்றால் பிறை அதிகம். ஓரத்துப் பாவு உள்ளே சாய்ந்தால் பிறை போதவில்லை. நாலு வரிக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்து 12 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள்.

நூல் தீர்ந்தால் புதியதை ஓரத்தில் தொடங்காதீர்கள். நடுவில் எங்காவது, பழைய நுனியோடு இரண்டு மூன்று இழை சேர்ந்து போகட்டும். வால்களைப் பின்பக்கம் தள்ளிவிடலாம்.

இரண்டு வரிசை கை பழகியதும் நிறம் மாற்றலாம். இடப்பக்கம் ஒரு நிறம், வலப்பக்கம் ஒன்று; இரண்டும் பக்கத்துப் பக்கத்து இழையில் தத்தம் வழி திரும்பட்டும். நடுவே ஒரு பிளவு விழும். கிலிம் விரிப்பு நெய்பவர்கள், பிளவு நீளாதிருக்க, இரண்டு வரிக்கு ஒருமுறை திருப்பத்தை ஓர் இழை நகர்த்துவார்கள். அப்போது கோடு சாய்வாக, படிக்கட்டுபோல் ஏறும். ஒரு பிளவையாவது மூடாமல் விட்டுப் பாருங்கள் என்பேன்.

நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் 1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தபோது, பெண்களைப் பெரும்பாலும் நெசவுக்கூடத்துக்கே அனுப்பினார்கள். வேண்டா வெறுப்பாகத்தான் போனார். 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய நெசவுக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. நூல் கட்டம் கட்டமாகத்தான் நகரும் என்றேனே, அதை அவர் வேலைகளிலும் பார்க்கலாம்: கட்டங்களும் பட்டைகளும்தான் அதிகம்.

மேலே 4 செ.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். பாவு இழைகளை வெட்டுகளின் ஓரமாகக் கத்தரித்து, இரண்டிரண்டு இழையாக நெசவை ஒட்டி முடிச்சுப் போடுங்கள். 25 ஒற்றைப்படை, கடைசி முடிச்சில் மூன்று வரும். கீழே அட்டைப் பட்டையை உருவிவிட்டு அப்படியே செய்யலாம்.

மாட்டும்போது சுவரோடு ஒட்டாதீர்கள். போலந்துக் கலைஞர் மக்தலேனா அபகானோவிச் 1960களில் சைசல் நாரில் நெய்த பிரம்மாண்டமான ‘அபகான்’களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார், பார்ப்பவர் சுற்றி நடக்கலாம். நம் துண்டை ஒரு குச்சியில் கட்டி, சுவரைவிட்டு இரண்டு விரல் தள்ளி மாட்டினால், மூடாமல் விட்ட பிளவின் நிழல் சாயங்கால வெயிலில் தனியாகத் தெரியும். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், பல் கிழியும்வரை இன்னும் இரண்டு நெசவு தாங்கும்.